மூட்டைக்கு ஒரு ரூபாய்



சென்ற பொதுக்குழுவில் எண்ணூர்ப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்: "புயல் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் லாரி லாரியாக அரிசி வருகிறது, பருப்பு வருகிறது, பிஸ்கட் வருகிறது. எல்லாம் எங்கோ வாங்கின சரக்கு. நாங்கள் பற்று நோட்டில் எழுதிக் கொடுத்த சாமான் மட்டும் யார் கண்ணுக்கும் நிவாரணமாகத் தெரியவில்லை. இந்தத் தொண்டு நிறுவனங்களால் நமக்கு என்ன லாபம்?"

கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் மனசு உறுத்தத் தொடங்கியது. அந்த உறுத்தலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் அண்ணன் தம்பி இருவர். அரிசி, பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போட்டு வருகிறோம். அண்ணன் படித்தது எட்டாவது, தம்பி அதுவும் இல்லை. ஆகையால் எழுத்தில் குறையிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த எண்ணூர்க்காரர் சொன்னதில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுவோம். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது காசிமேட்டில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை நம்மில் பலர் பார்த்தோம். வீடு போனவர்களைத் திருவொற்றியூர் கார்கில் நகரில் தற்காலிகக் கொட்டகைகளில் வைத்தார்கள். எங்கெங்கிருந்தோ மக்கள் மனமிரங்கிக் கொடுத்தார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் யாருக்கும் வேண்டாத பழந்துணி குவிந்து கிடந்ததும், இங்கே ஒரே வீட்டுக்கு நான்கு இடத்திலிருந்து அரிசி வந்து, பக்கத்துத் தெருவுக்கு ஒன்றும் போகாததும் உண்மை. குப்பத்தைச் சுற்றியிருந்த சிறு கடைகள் பல மாதம் ஈ ஓட்டின. பழைய பாக்கி வராமல் இரண்டு கடைக்காரர்கள் எங்களிடமே கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அதே உதவி பணமாக வந்தபோது நடந்தது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் எங்கும் வலையும் படகும் கறுத்துப் போயின. பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை. அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500 என்று 8 கோடியே 68 லட்சம் ரூபாய் அறிவித்தது. புயல் நிவாரணம் ரூ.6,000 ரேஷன் கடை மூலம் தனியாக வந்தது. அந்தப் பணம் கைக்கு வந்த வாரம் எண்ணூர்க் கடைகளில் பற்று நோட்டில் எத்தனை பக்கம் கோடு அடிபட்டது என்பதை அந்தக் கடைக்காரர்களே சொல்வார்கள். பணம் குடும்பத்துக்குப் போனது, குடும்பத்திலிருந்து கடைக்கு வந்தது, கடையிலிருந்து எங்களுக்கு வந்தது. ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டமே ஜோர்டானிலும் லெபனானிலும் சிரியா அகதிகளுக்கு மூட்டை கொடுப்பதைக் குறைத்துவிட்டு, அங்குள்ள கடைகளில் சாமான் வாங்கிக்கொள்ளும்படி கார்டு கொடுத்ததாகப் படித்தோம். நம் சங்கம் இதைக் கேட்பதில் தவறே இல்லை. நிவாரணம் கொடுப்போர் உள்ளூர்க் கடையில் வாங்கட்டும், இல்லையேல் பணமாகக் கொடுக்கட்டும்.

இத்தோடு முடித்திருந்தால் கை தட்டியது சரிதான். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அது பிள்ளைகள் கணக்கு. அதில் நம் பக்கம் பற்று அதிகம்.

ஒரு வீடு சரிகிறது என்பது முதலில் யாருக்குத் தெரியும்? போலீசுக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது, தொண்டு நிறுவனத்துக்கும் தெரியாது. கடைக்காரனுக்குத்தான் தெரியும். அரை லிட்டர் எண்ணெய் வாங்கின வீடு பத்து ரூபாய் பாக்கெட்டுக்கு இறங்கும். துவரம்பருப்பு நின்று பட்டாணிப்பருப்பு ஆகும். பால் நிற்கும். அப்புறம் பெரியவர்கள் வரமாட்டார்கள், கடன் கேட்கப் பிள்ளையை அனுப்புவார்கள். சாயங்காலம் வந்துகொண்டிருந்த பிள்ளை ஒருநாள் காலை பதினோரு மணிக்கு வந்து நிற்கும். பள்ளி நேரத்தில் பிள்ளை கடை வாசலில் நிற்கிறது என்றால் அந்த வீட்டில் யாரோ இறந்திருக்க வேண்டும், அல்லது படுத்திருக்க வேண்டும், அல்லது ஓடிப்போயிருக்க வேண்டும். நாம் அதைப் பார்க்கிறோம். பார்த்துவிட்டு என்ன செய்தோம்?

எங்கள் கதையையே சொல்கிறோம். 1998-ல் காசிமேட்டுப் பையன் ஒருவனை அவன் அம்மா கொண்டுவந்து விட்டார். அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பையனுக்குப் பன்னிரண்டு வயது. நாங்களும் அந்த வயதில் தென்பாண்டிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்து, கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் பொட்டலம் மடித்தவர்கள்தானே, நம்மைப் போல இவனும் முன்னுக்கு வரட்டும் என்று சேர்த்துக்கொண்டோம். சோறு போட்டோம், தீபாவளிக்குத் துணி எடுத்தோம், அவன் அம்மா கையில் மாதச் சம்பளம் கொடுத்தோம். தர்மம் செய்ததாகவே நினைத்தோம். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கடையில் வைக்கக் கூடாது என்று 1947-ம் ஆண்டுக் கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இன்று அவனுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. நல்லவன், இன்னும் எங்களிடம்தான் இருக்கிறான். மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றி இறக்கி இடுப்பு போய்விட்டது. பில்லில் உள்ள கடை பெயரைப் படிக்கத் தெரியாது. மூட்டையின் தையல் நூல் நிறத்தை வைத்துச் சரக்கை அடையாளம் கண்டுபிடிக்கிறான்.

அவன் தெருவிலேயே அவன் வயதில் இன்னொரு பையன். அவனுக்கும் தகப்பன் இல்லை. அவனை ஒரு தொண்டு நிறுவனத்தின் மையத்தில் சேர்த்தார்கள். எந்த நாட்டிலோ ஒருவர் மாதாமாதம் பணம் அனுப்பினார். ஃபீஸ், சீருடை, சாயங்காலம் டியூஷன், வருஷத்துக்கு இரண்டு முறை டாக்டர். பதிலுக்கு அவன் ஒரு கடிதம் எழுத வேண்டும், அவ்வளவுதான். டிப்ளமோ முடித்துத் துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பண்டிகைக்கு மொத்தமாகச் சாமான் வாங்க எங்கள் கடைக்கு வருவான். அவனுக்கு மூட்டையைத் தூக்கி வண்டியில் வைப்பது நம் பையன். இருவரும் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். எங்களுக்குத்தான் அந்த நேரத்தில் கல்லாவில் ஏதோ வேலை இருப்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றும்.

கல்லூரியில் படிக்கும் எங்கள் பேத்தி ஒரு விவரம் சொன்னாள். இப்படி வெளிநாட்டார் ஆதரவில் படித்த பிள்ளைகளையும் அதே ஊரில் ஆதரவு கிடைக்காத பிள்ளைகளையும், இந்தியா உட்பட ஆறு நாடுகளில், பத்தாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்துப் பார்த்து 2013-ல் ஓர் ஆய்வு வெளிவந்ததாம். ஆதரவு பெற்ற பிள்ளைகள் சராசரியாக ஒரு வருஷத்துக்கு மேல் கூடுதலாகப் படித்திருக்கிறார்களாம். ஒரு வருஷம்தானா என்று கேட்டோம். "தாத்தா, உங்களுக்கு எட்டாவதுக்கு மேல் ஒரே ஒரு வருஷம் கிடைத்திருந்தால்?" என்று திருப்பிக் கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் புதுப் பை, பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் கிழிந்த பை என்றால் அது பிள்ளை மனசில் தங்கும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு உண்டு, தங்கைக்கு இல்லை என்பதும் நடந்தது. அதனால்தான் பல நிறுவனங்கள் பின்னாளில் பணத்தைப் பொதுவாகச் சேர்த்துப் பள்ளிக்கும் தெருவுக்குமாகச் செலவழிக்கத் தொடங்கின. தண்டையார்பேட்டையில் கருணாலயா என்ற அமைப்பு நடைபாதைப் பிள்ளைகளுக்காக வேலை செய்கிறது. 2019-ல் லண்டனில் நடந்த தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையில் வென்ற தென்னிந்திய அணியில் அங்குள்ள பிள்ளைகளும் இருந்தார்கள். நம் கடை வாசலில் பொட்டலம் பொறுக்கும் பிள்ளை என்று நாம் துரத்துகிறோமே, அந்த மாதிரிப் பிள்ளைகள்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்த உதவிகள் நின்றுபோகின்றன. நம் பகுதிக்காரரே ஒருவர் இதற்குச் சாட்சி. கொருக்குப்பேட்டையில் பிறந்த வியாபாரி பிட்டி தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. மதிய உணவு என்று இன்று நாடே பேசுவதற்கு முன்னோடி அதுதான். ஆனால் 1925 ஏப்ரல் 1-ம் தேதி அது நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து 25 பள்ளிகளில் மீண்டும் தொடங்கினார்கள். அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பிள்ளை பள்ளியை விட்டுப் போனது என்று எந்தப் பேரேட்டில் எழுதியிருக்கும்?

2017-ம் வருஷம் மார்ச் மாதம் கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தியாவில் கடையைக் கட்டியது. ஏறக்குறைய 1,45,000 பிள்ளைகளுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணம் நின்றது. அதன் கூட்டாளி அமைப்பு ஒன்று சென்னையில் இருந்ததுதான். பணம் மதமாற்றத்துக்குப் போகிறது என்றது அரசுத் தரப்பு, இல்லை என்றது நிறுவனம். அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டாம். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, டெல்லியில் ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளையில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்றார்கள். பெரிய நிறுவனத்திடம் வாங்கி நடத்திவந்த சின்னச் சின்ன மையங்களுக்கு அதோடு வழி அடைபட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட் விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவும் 2024 ஜனவரியில் ரத்தானது. கணக்குக் கேட்பது தப்பில்லை. வியாபாரியாக இருந்துகொண்டு நாமே அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் கணக்கு சரிபார்க்கும் வரை பிள்ளையின் வயது நிற்காது.

2017-ல் வெளிநாட்டுப் பணம் நின்ற ஒரு சிறு மையம் எங்கள் பக்கத்திலும் இருந்தது. அதில் ஒன்பதாவது படித்த பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மாள் எங்கள் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, இவனைக் கடையில வச்சுக்குங்க" என்றார். அதே வாசல், அதே வார்த்தை. இந்தத் தடவை எங்களுக்குப் புத்தி இருந்தது. வேலைக்கு வேண்டாம், படிக்கட்டும், நாங்கள் கட்டுகிறோம் என்றோம். பத்தாவது முடித்தான். பாலிடெக்னிக்கில் சேர்த்தோம். முதல் வருஷம் கட்டினோம், இரண்டாம் வருஷம் கட்டினோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மார்க்கெட்டை மூடினார்கள், சரக்கு தேங்கியது, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் வருஷ ஃபீஸ் எங்கள் நினைவிலேயே இல்லை. அந்தப் பையனும் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஒருநாள் கன்டெய்னர் யார்டு பக்கம் லாரியில் பார்த்தோம். கிளீனராகப் போய்க்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து வணக்கம் வைத்தான். ஒரு வருஷ ஃபீஸில் போயிற்று.

அமெரிக்காக்காரன் நிறுத்திவிட்டான், அரசாங்கம் நிறுத்திவிட்டது என்று பேசுகிறோம். நாங்களும்தான் நிறுத்தினோம். கெட்ட எண்ணத்தில் நிறுத்தவில்லை, மறதியில் நின்றது. கடையில் கால் கிலோ கடுகுக்குக் கணக்கு எழுதுகிற நாங்கள் அந்தப் பையன் ஃபீஸை எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. அதுதான் நாங்கள் செய்த தவறு.

எழுதி வைத்துச் செய்யும் தர்மம் நமக்குப் புதிதா? மகமை என்று ஒன்று இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். தர்மம் செய்ய மனசு வந்ததா இல்லையா என்ற பேச்சே கிடையாது, சரக்கு நகர்ந்தால் மகமை விழும். விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலைப் பள்ளி மகமையிலும் வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியிலும் நடந்தது. அங்கே படித்த காமராஜர்தான் பின்னாளில் மாநிலம் முழுதும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போட்டார். இஸ்லாமிய வணிகர்களிடம் ஜக்காத் கணக்கு உண்டு. செட்டிநாட்டுக் கடைகளில் சாமி பேரில் தனிப் பற்று வரவு எழுதியதைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் தத்தம் சமூகத்துக்குச் செய்தார்கள். நம் சங்கத்தில் எல்லாச் சமூகத்தாரும் இருக்கிறோம். எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் சரி என்று வைத்துக்கொள்வோம்.

மூட்டைக்கு ஒரு ரூபாய். (ஜி.எஸ்.டி.க்குப் பயந்து 25 கிலோ சிப்பத்தை 26 கிலோ ஆக்கினோமே, அந்த மூட்டைக்கும் ஒரு ரூபாய்தான்.) நாளைக்கு நாற்பது மூட்டை நகரும் கடையில் மாதம் 26 நாளைக்கு 1,040 ரூபாய். நான்கு கடை சேர்ந்தால் 4,160. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் ஆதரவற்ற பிள்ளைக்குக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் கொடுப்பது ரூ.4,000. ஆக நான்கு கடைக்கு ஒரு பிள்ளை.

அரசுதான் கொடுக்கிறதே, நாம் எதற்கு என்பீர்கள். அந்தத் திட்டத்தில் நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு ரூ.96,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் எட்டாயிரம். விதவைத் தாய் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்து, மீன் அன்னக்கூடையும் தூக்கினால் அதைத் தாண்டிவிடும். மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் ரூ.2,000 அறிவித்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கும் அது. நல்ல காரியம். ஆனால் இரண்டு கோட்டுக்கும் வெளியே நிற்கும் பிள்ளையைக் கடை வாசலில் பார்ப்பது நாம்தான். கோட்டுக்குள் இருந்தும் மனு எழுதத் தெரியாமல் நிற்கிற குடும்பமும் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது, 1098 என்ற எண் எதற்கு என்று ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

புது டிரஸ்ட் தொடங்க வேண்டாம். தொடங்கினால் தலைவர் யார், பொருளாளர் யார் என்பதிலேயே இரண்டு வருஷம் போய்விடும், நம்மை நமக்குத் தெரியாதா? வத்சல்யா திட்டத்திலேயே தனியாரும் கடைகளும் சங்கங்களும் அந்த அலகு மூலமாக ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைத் தேர்ந்தெடுப்பதும் விசாரிப்பதும் அவர்கள் பொறுப்பு, மாதாமாதம் தவறாமல் கட்டுவது நம் பொறுப்பு. பதிவு பெற்ற நிறுவனத்துக்குக் கொடுப்பதானால் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச் சலுகை கிடையாது. புது வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. வரிக்காகச் செய்ய நினைப்பவர்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பேனர் கூடாது. ஆதரவு தேவைப்படும் பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது என்று 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் 74-ம் பிரிவு சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து நம் கடைக்குச் சாமான் வாங்க வரும்போது சுவரில் தன் படம் தொங்கினால் எப்படி இருக்கும்?

அந்தப் பாலிடெக்னிக் பையனைத் தேடிப்பிடித்துப் பேசினோம். அரியர் பேப்பர் ஐந்து இருக்கிறதாம். எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பரீட்சைப் பணம் கட்ட நாங்கள் தயார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். வந்த அன்றே அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி "பிள்ளைகள் மகமை" என்று எழுதி, அன்றைய மூட்டைக் கணக்கில் ரூ.43 வரவு வைத்தோம். தினமும் கடை அடைக்கும்போது தம்பி எழுதுகிறான். அடுத்த பொதுக்குழுவுக்கு அந்த நோட்டைக் கொண்டுவருகிறோம். எண்ணூர்க்காரரும் வர வேண்டும், இன்னும் இரண்டு கடைதான் பாக்கி.